அரை இன்ச் வைத்த புள்ளி

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அரை இன்ச்' என்றால்தான் தெரியும். தையல்கடைக்கு வருகிறவர் என்ன அளவு சொன்னாலும் அதில் அரை இன்ச் கூட்டியோ குறைத்தோ தைப்பது அவர் வழக்கம். ஏன் என்று கேட்டால், "நீங்க சொன்னது உங்க ஆசை, நான் தெச்சது உங்க உடம்பு" என்பார். பாக்கெட் எங்கே வர வேண்டும், காலர் எவ்வளவு அகலம், பட்டன் என்ன நிறம் என்று அவர் ஒருவரிடமும் கேட்டது கிடையாது. தாமாக யோசனை சொல்ல வாயெடுத்தவர்களை, டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஒரு பார்வை பார்ப்பார். ஆள் துணியை மேஜையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கம்பி நீட்டிவிடுவார். தைத்து வந்தது கச்சிதமாக இருந்து தொலைக்கும், அதனால் சண்டை போடவும் வழியில்லை.

அவருடைய ஒரே மகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்தபடி, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, நேராகச் சுவரை நோக்கிப் போகிற மாணவனிடம்கூட, "சுவர் தெரியுதா? நல்லது. இப்ப என்ன செய்யலாம்னு நினைக்கறீங்க?" என்று நிதானமாகக் கேட்பாள். மாணவன் வியர்த்துக் கொட்டுவான். ஸ்டியரிங்கை மட்டும் தொடவே மாட்டாள். ஒரு தடவை தொட்டுவிட்டால் அப்புறம் எப்போதும் தான்தான் தொட வேண்டியிருக்கும் என்பது அவள் கொள்கை. அந்தக் கொள்கையில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. மகளின் கணவனுக்குக் கப்பலில் வேலை, தரையில் இருக்கிற நாளைவிடத் தண்ணீரில் இருக்கிற நாள் அதிகம். அதனால் தையல்கடைக்கு மேலே இருந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் மூக்குக்கு மேல் கோபம். அவள் அதை வேலையில் காட்ட முடியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவாள். அவருக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது.

எல்லாம் பீட்ரூட்டில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அவர் கழிப்பறையில் சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் வந்துவிட்டார். அடுத்து உள்ளே போன மகள் போட்ட சத்தத்தில் கீழே கடையின் ஷட்டரே அதிர்ந்திருக்கும்.

"அப்பா! ரத்தம்!"

"ரத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து பீட்ரூட் சாப்பிட்டேன்ல, அந்தக் கலர்."

சாப்பிட்டது உண்மைதான். அவளும் நம்பிவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவருக்குப் பீட்ரூட்மேல் ஒரு காதல் வந்துவிட்டது. மண்ணைத் தின்பதுபோல இருக்கிறது என்று ஆயுள் முழுக்க அதைத் திட்டியவர், இப்போது தினமும் வாங்கிவந்தார். வேகவைத்து, வதக்கி, பச்சையாகத் துருவி, சாறு பிழிந்து, எந்தக் கோலத்திலாவது அது மேஜைக்கு வந்தது. சிவந்த நாக்கோடு வேலைக்குப் போன மகளிடம் மாணவர்கள் வெற்றிலை போடுவீங்களா மேடம் என்று கேட்டார்கள்.

குட்டு காய்கறிக் கடையில் வெளிப்பட்டது. கடைக்காரம்மா மகளைப் பார்த்ததும், "லாரி வரலைம்மா, பீட்ரூட் இன்னும் ரெண்டு நாளைக்குக் கிடையாது. காலைல உங்க அப்பா வந்து ஒண்ணாவது தேடித் தாங்கன்னு கெஞ்சிட்டுப் போறாரு. அப்படி என்ன அதுல?" என்றார். அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அடுத்த நாள் சாயங்காலம் கழிப்பறை வாசலிலேயே நின்று, வெளியே வந்தவரை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னைக்கு என்னப்பா சாப்பிட்டீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "தக்காளி" என்றார்.

"போய் வண்டியில ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு உள்ளே பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் ஒரு கட்டி இருந்தது. அதைச் சுரண்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்ப ஒரு நாள் படுக்கையில் சேர்த்தார்கள். அந்த ஒரு நாளிலேயே அரை இன்ச் தன் கைவரிசையைக் காட்டிவிட்டார். உடுத்திக்கொள்ளக் கொடுத்த அங்கி முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து, வெறும் நாடாவோடு இருந்தது. எந்த முட்டாளோ முதுகைத் தைக்க மறந்துவிட்டான் என்று அவர் முடிவுகட்டினார். சட்டைப்பையில் எப்போதும் ஊசி நூல் இருக்கும். மகள் மருந்து வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாகத் தைத்து, தலைவழியாக மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் படுக்கைக்காரருடையதையும் பாதி தைத்து முடித்திருந்தார். நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தபோது, "வெட்டறதா இருந்தா நூலை மட்டும் வெட்டுங்க, துணியில கை வெச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றார்.

முடிவு வந்த அன்று அப்பாவும் மகளும் டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்தார்கள். பேச்சில் அவசரமே இல்லாத பெண்மணி அவர். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்துகொண்டே சொன்னார்.

"இது புற்றுநோய்தான். கட்டி பையோட உள்தோலோட நிக்கலை, சுவருக்குள்ள இருக்கிற தசை வரைக்கும் இறங்கிடுச்சு. முதல்ல கொஞ்ச நாள் மருந்து ஏத்துவோம். அப்புறம் சிறுநீர்ப்பையையே எடுத்துடறது உங்களுக்கு நல்லதுன்னு நினைக்கறேன். எடுத்துட்டா சிறுநீர் வெளிய வர ரெண்டு வழி இருக்கு. குடல்ல ஒரு துண்டை எடுத்து, வயித்துல சின்னதா ஒரு வாய் வெச்சு, மேல ஒரு பையை ஒட்டிக்கலாம். இல்லன்னா அந்தக் குடலையே ஒரு பையாத் தெச்சு உள்ளயே வெக்கலாம்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அரை இன்ச் நிமிர்ந்தார். "தெச்சா? என்ன நூல் போடுவீங்க?"

"தானாக் கரையற நூல்."

"கரையற நூலா!" என்று மகள் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். கரைகிற நூலில் தைக்கிறவர்களை நம்பி உடம்பைக் கொடுப்பதா என்று அந்த உதடு கேட்டது.

டாக்டரம்மா இரண்டு வழியிலும் உள்ள சிரமத்தைச் சொன்னார். வெளிப்பையை அவ்வப்போது காலி செய்ய வேண்டும், சில நாளுக்கு ஒருமுறை மாற்றி ஒட்ட வேண்டும். உள்பைக்கு முட்டிக்கொண்டு வருகிற உணர்வு இருக்காது, அலாரம் வைத்து எழுந்து போய்ப் பழக வேண்டும், கசியவும் கூடும். எடுக்கவே வேண்டாம் என்றால் கதிர்வீச்சும் மருந்தும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் இவருடைய கட்டிக்கு அதில் தனக்கு நம்பிக்கை குறைவு என்றார்.

"சரி, எது செய்யலாம்? சொல்லுங்க."

"எடுக்கணும்னு என் அபிப்பிராயத்தைச் சொல்லிட்டேன். எந்த வழின்னு நீங்கதான் சொல்லணும். வாழப்போறது நீங்க. மருந்து ஏத்தி முடிக்கற வரைக்கும் யோசிங்க, அதுக்கு மேல தள்ளாதீங்க."

அறைக்கு வெளியே வந்ததும் அவர் வெடித்தார். "என்ன டாக்டர் இவங்க? படிச்சது அவங்க, கத்தி பிடிக்கிறது அவங்க, எங்க வெட்டணும்னு நான் சொல்லணுமாம்! பாக்கெட் எங்க வேணும்னு நான் என்னைக்காவது ஒரு கஸ்டமரைக் கேட்டிருக்கேனா?" படிக்கட்டு முழுக்க இதே பேச்சு. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் குரல் இறங்கியது. "சரி. நீ சொல்லு."

"நான் எப்படிப்பா சொல்றது? உங்க உடம்பு."

"நீ என்ன சொல்றியோ அதுக்குக் கையெழுத்துப் போடறேன். சொல்லு."

"உங்க முடிவுப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.

அவள் மனதில் ஒன்றும் இல்லாமலா இருந்தது? எடுத்துத் தொலைக்கட்டும், எந்தப் பையாவது வைக்கட்டும், ஆள் பிழைத்துக்கிடந்தால் போதும் என்று ஈரக்குலை துடித்துக்கொண்டிருந்தது. ஆனால் தான் ஒன்றைச் சொல்லி, அது கோணலாகி, அப்பா கஷ்டப்பட்டால்? அந்தப் பயத்தைக் கொள்கை என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஓட்டுகிறவர்தான் ஓட்ட வேண்டும். ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்குச் சொந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லை, அவ்வளவுதான் விஷயம்.

மருந்து ஏற்றும் நாட்கள் தொடங்கின. பெரிய அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தொங்கும் மருந்து. அவர் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களின் உடைகளைப் பிடித்துத் திட்டுவார். அந்த அட்டெண்டருக்குத் தோள் இறங்கியிருக்கிறது, இந்த நர்ஸுக்கு யாரோ பகையாளிதான் தைத்துக்கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாந்தி, அசதி, சாப்பாட்டைப் பார்த்தால் முகம் திருப்பல். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்து தன் பேன்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டார். மகள் மாடிப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு, இறங்கிவந்து லைட்டை ஏன் அணைக்கவில்லை என்று சண்டை போட்டாள்.

இடையிடையே அவர் கேட்பதை மட்டும் விடவில்லை.

"பை ஒட்டினா வீடெல்லாம் வாடை வருமாம். நீ சொல்லு."

"வராதுன்னு நர்ஸ் சொன்னாங்க. உங்க முடிவுப்பா."

"தூங்கறப்போ கசிஞ்சுதுன்னா மெத்தை போச்சு. நீ சொல்லு."

"மெத்தைக்கு உறை வாங்கலாம். உங்க முடிவு."

"மாப்பிள்ளை கப்பல்லேருந்து வந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டா உக்காருவாரு? நீ சொல்லு."

"அவர் மீன் கப்பல்ல இருக்காருப்பா, அவருக்கு மூக்கே கிடையாது. உங்க முடிவு."

கோபித்துக்கொண்டு கீழே போய்விடுவார். மிஷின் சத்தம் தடதடவென்று கேட்கும்.

அந்த ஆஸ்பத்திரியில் இந்தப் பைகளைப் பழக்கிக்கொடுக்கவே ஒரு நர்ஸ் இருந்தார். பை நர்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவர் இழுத்தடிப்பதைப் பார்த்துவிட்டு, ஏற்கனவே பை வைத்துக்கொண்டிருக்கிற ஒருவரை வரவழைத்துப் பேச வைத்தார். வந்தவர் சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பவர். சிரித்த முகம். மூன்று மணி நேரப் படத்தை நடுவில் எழுந்து போகாமல் பார்க்கிற ஒரே ஆள் தான்தான் என்று பெருமையடித்துக்கொண்டார். மகள் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு வார்த்தையும் காதில் வாங்கவில்லை. அவர் கண் அந்த மனிதரின் இடுப்பிலேயே இருந்தது. பையை மறைக்க இரண்டு ஆள் நுழைகிற சட்டை, தொப்பைக்குக் கீழே நாடா போட்டு இறுக்கிய தொளதொளப் பேன்ட்.

"யாரு தெச்சது இது?"

"தெக்கலீங்க. ரெடிமேட்."

சாவுச் செய்தி கேட்டவர்போல அரை இன்ச் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து டேப்பை உருவினார். ஆலோசனை அறையிலேயே டிக்கெட்காரரை நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து அளவெடுத்தார். வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைக்கூட மறந்து மிஷினே கதியாகக் கிடந்தார். இடுப்புப் பட்டி உயரமாக, உள்ளே மெல்லிய துணியில் பை உட்கார ஒரு அறை, காலி செய்யப் பக்கவாட்டில் மறைவாக ஒரு ஜிப். பேன்ட்டைப் போட்டுக்கொண்ட டிக்கெட்காரர் சட்டையை உள்ளே விட்டு, ஆஸ்பத்திரி நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். பை நர்ஸ் கை தட்டினார். அரை இன்ச் டாக்டரம்மாவின் அறைக்குள் போய், "வெளிப்பை" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார்.

மகளுக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. இந்த மனிதர் பிழைப்பதற்காக ஒப்புக்கொண்டாரா, பேன்ட்டுக்காக ஒப்புக்கொண்டாரா? கேட்டால் எங்கே மனதை மாற்றிக்கொள்வாரோ என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் சாயங்காலம் பை நர்ஸ் வந்து இடம் குறித்தார். நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். மடிப்பில் விழக் கூடாது, பெல்ட்டுக்கு அடியில் போகக் கூடாது, குனிந்தால் அவர் கண்ணுக்கே தெரிய வேண்டும். எல்லாம் பார்த்து வயிற்றின் வலது பக்கத்தில் மை பேனாவால் ஒரு பெரிய புள்ளி வைத்தார். "இந்த ஆஸ்பத்திரியில நிக்க வெச்சு அளவெடுத்த மொத ஆள் நீங்கதான்" என்று அரை இன்ச் மனதாரப் பாராட்டினார். மகள் நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது படுக்கையைச் சுற்றி ஒரு கூட்டம். பை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றார். டாக்டரம்மா தொப்பி மாட்டி ஆபரேஷனுக்குத் தயாராக வந்திருந்தார். நடுவில் அப்பா, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி, வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன்போல உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் சோப்புப் போட்டுத் தேய்த்த சிவப்பு. இடது பக்கம் புத்தம்புதிதாக ஒரு நீலப் புள்ளி.

"நேத்து நான் வெச்சதை அழிச்சிட்டு, வார்டு பேனாவை எடுத்துட்டுப் போய் பாத்ரூம் கண்ணாடியைப் பாத்து இவரே வெச்சிருக்காரும்மா!" என்றார் பை நர்ஸ். அழுகையா கோபமா என்று தெரியாத குரல்.

"அரை இன்ச் இறக்கினா இடுப்புப் பட்டி நல்லா உக்காரும்னு பாத்தேன்" என்றார் அப்பா. "வலது பக்கம்தான் வெச்சேன்."

"இது இடது பக்கம்ங்க!"

அவர் குனிந்து பார்த்தார். நிஜமாகவே திகைத்துப்போனார். ஆயுள் முழுக்க எதிரே நிற்கிற ஆளுக்கே அளவெடுத்தவர். எதிராளியின் வலது தன் இடது கைப் பக்கம் வரும் என்பது அவருக்கு மூச்சு விடுவதுபோலப் பழக்கம். கண்ணாடியில் நின்ற கிழவரையும் யாரோ கஸ்டமர் என்று நினைத்து, கணக்காகப் பக்கத்தை மாற்றி வைத்துவிட்டார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "உங்களுக்கு இன்னும் மனசு முழுசா வரலைன்னு எனக்குத் தோணுது. அப்படின்னா கையெழுத்து இருந்தாலும் நான் உங்களை உள்ள கூட்டிட்டுப் போகமாட்டேன். இன்னைக்கு விட்டா ஆபரேஷனுக்கு அடுத்த தேதி எப்பக் கிடைக்கும்னு தெரியாது. உள்ள இருக்கிறது அதுவரைக்கும் சும்மா இருக்கும்னு சொல்ல முடியாது. சொல்லுங்க, போலாமா, வேண்டாமா?"

அப்பா அங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"நீ சொல்லு."

உங்க முடிவுப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழகிய வார்த்தை, நாக்கு நுனியில்தான் இருந்தது. வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு என்னவோ, அவளே எதிர்பார்க்காத சத்தத்தில் வந்தது.

"என்னத்தை சொல்லச் சொல்றீங்க? எனக்கு எந்தப் பையும் தெரியாது, எந்தப் பக்கமும் தெரியாது! எனக்கு நீங்க வேணும்ப்பா! பையோட வேணும். கசிஞ்சா தொடச்சுக்கறேன், நாறினா நாறிட்டுப் போகட்டும். உங்க மாப்பிள்ளை மூக்கைப் பிடிச்சா அவரைத் திரும்பக் கப்பல்லயே ஏத்தி விடறேன். தினம் சண்டை போடுங்க, பீட்ரூட்டைக்கூடத் தின்னுத் தொலைக்கறேன். என்னை விட்டுட்டு மட்டும் போயிடாதீங்க. அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

சொல்லி முடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தேம்பினாள். பக்கத்துப் படுக்கைக்காரர் பார்க்காததுபோல நன்றாகப் பார்த்தார்.

அரை இன்ச் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதைத்தானேம்மா இத்தனை நாளாக் கேட்டுட்டு இருந்தேன்" என்றார். "எந்தப் பைன்னா கேட்டேன்? அது அவங்களுக்குத் தெரியும். இந்தக் கிழவனை இதையெல்லாம் ஒட்டி வீட்டுல வெச்சுக்குவியான்னு கேட்டேன். நேரா எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. நான் யாரைக் கேட்டுப் பழகியிருக்கேன்?"

அவள் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அவர் மெல்ல எழுந்து, படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றார். அங்கியைத் தூக்கினார்.

"அவ அழுதுட்டு வரட்டும்" என்றார் பை நர்ஸிடம். "நீங்க வைங்கம்மா. எங்க வேணாலும் வைங்க."